ஆற்றாமை

ஹைதராபாத், மாதாப்பூர் அலுவலகத்தின் ஆறாவது மாடிக் கண்ணாடியில் மாலை வெயில் எரிகிறது. லண்டன் வேலைக்கு சுபாஸ்ரீயின் பெயர் வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் மூன்று வருடமாக அதற்கே காத்திருந்த ஸ்டெல்லா, ஜன்னலோரம் நின்று பாளையங்கோட்டையிலிருக்கும் அம்மாவிடம் போனில், "ஆத்தாமையா இருக்கும்மா" என்கிறாள். திரும்பினால், இனிப்புப் பெட்டியோடு சுபாஸ்ரீ. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். "அரே, ஆத்தாமைன்னா என்ன?" என்று கேட்கிறாள். "ஆற்றாமை. ஆற்றுறதுன்னா செய்ய முடியறது, தாங்க முடியறது. அது இல்லாதது ஆற்றாமை" என்கிறாள் ஸ்டெல்லா. "உனக்கு எது முடியல?" பெட்டியிலிருந்து எடுத்த முந்திரி காஜு கத்லியின் வெள்ளித்தாள் ஸ்டெல்லாவின் விரலில் ஒட்டியிருக்கிறது. "செய்ய முடியும். நீ போறதைத்தான் தாங்க முடியல." சுபாஸ்ரீ கண்கலங்கி அவளைக் கட்டிக்கொள்கிறாள். ஸ்டெல்லாவின் கைகள் எழவே இல்லை.