தாய்ப்புல் மாநாடு

"முப்பத்திரண்டு ஆடு! முப்பத்திரண்டு வாய்! பல்லாயிரம் வருஷத்துச் சொத்தை இந்தப் பொம்பளை ஒரு காலைப் பொழுதுல தின்னு தீர்த்துடுவா!"

டாக்டர் பென்ஷக்ரூன் போட்ட சத்தத்தில் ஆடுகளே ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்தின.

அட்லஸ் மலையிலிருந்த புல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர்தான் இயக்குநர். ஐரோப்பாவில் மாடு மேய்கிற புல் ஒன்றுக்கு மூதாதையான தாய்ப்புல் நிலையத்துக்கு எதிரே இருந்த சரிவில்தான் இருக்கிறது என்று கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர். கட்டுரையில் அந்த இடத்துக்கு 'ஏழாம் எண் சரிவு' என்று பெயர்.

அந்தச் சரிவில் ஆடு மேய்த்த யாமினாவின் மேய்ச்சல் அனுமதிச் சீட்டைப் பிடுங்கி வருகிற வேலை, களப்பணியாளர் நஜாத்தின் தலையில் விழுந்தது.

"ஏன்க்கா, எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்க ஆடு மேயுது. புல்லும் இருக்கு. இப்ப திடீர்னு என்ன?"

"இது சாதாரணப் புல் இல்ல யாமினா. ஒரு தூர் மாதிரி இன்னொரு தூர் இருக்காது. ஒண்ணு பனியைத் தாங்கும். ஒண்ணு கோடை முழுக்கச் செத்த மாதிரி கிடந்து, மழை விழுந்ததும் எழுந்துக்கும். போச்சுன்னா திரும்ப வராது."

நஜாத் இதை மனசார நம்பித்தான் சொன்னாள்.

"எனக்கே சொல்றியாக்கா? தினம் பார்க்கிறவ நான்தானே?" என்றபடி சீட்டை எடுத்துக் கொடுத்தாள் யாமினா. அந்த மாதமே பாதி மந்தையைச் சந்தைக்கு ஓட்டிப் போனாள்.

இலையுதிர் காலத்தில் சேதி வந்தது. அடுத்த வசந்தத்தில் நிலையத்தில் உலக மாநாடு. தலைப்பு: 'காட்டுப்புல்லைக் காப்போம்.' பதினாலு நாட்டு விஞ்ஞானிகள் வருகிறார்கள்.

டாக்டர் ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"தலைவிரி கோலமா இருக்கே! வர்றவங்க போட்டோ எடுத்தா பின்னாடி இதுவா தெரியணும்?"

மறுநாளே புல்டோசர் வந்தது. அதன் பின்னால் காசாபிளாங்காவிலிருந்து லாரி நிறைய, பாய் மாதிரி சுருட்டிய புல்தரை வந்தது. எண்ணெய் தேய்த்துத் தலை சீவின மாதிரி, எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை.

நஜாத் பதறிப் போனாள். "சார், அதுதான் ஏழாம் எண் சரிவு! உங்க கட்டுரையில..."

"கட்டுரையில இருக்கில்ல? அப்புறம் என்ன? பத்திரமா இருக்கும்."

மாநாடு நடந்தது. புதினா தேநீர், பாதாம் பலகாரம், புதுப் புல்தரையில் பந்தல். ஆடு மேய்க்கிறவர்களால் புல்லினம் அழிகிற கொடுமையைச் சொல்லும்போது டாக்டர் கண்ணைக் கசக்கினார். கைக்குட்டையைக்கூட வெளியே எடுத்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் டென்மார்க்கிலிருந்து வந்திருந்த இங்கர் அம்மாள் எழுந்தார்.

"பேச்சு பிரமாதம். அந்த ஏழாம் எண் சரிவைக் கொஞ்சம் காட்டுங்க. நாங்க வந்ததே அதுக்குத்தான்."

டாக்டரின் கால் அந்தச் சரிவின் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"நாளைக் காலையில பார்க்கலாம்," என்று பல்லைக் காட்டிவிட்டு, நஜாத்தைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "எங்கேயாவது பத்துத் தூராவது கண்டுபிடி. இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!"

நஜாத் அக்கம்பக்கத்து மலையெல்லாம் ஏறி இறங்கினாள். அந்தப் புல்லில் ஒரு தூர்கூடக் கண்ணில் படவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், வேறு வழி தெரியாமல், கூசிக்கொண்டே யாமினாவின் வாசலில் போய் நின்றாள்.

யாமினா அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

முள்வேலிக்குள் இருநூறு தூராவது இருக்கும். ஒன்று நீலம் பாய்ந்து, ஒன்று மயிர் சிலிர்த்து, ஒன்று கதிர் விட்டு, ஒன்று இப்போதுதான் கண் விழித்து.

"புல்டோசர்காரங்க வேரோட வாரி ஓடைப் பக்கம் கொட்டிட்டுப் போனாங்கக்கா. கழுதையில ஏத்திட்டு வந்து நாலு நாள் நட்டேன். கைக்கு வந்ததை எடுக்கல. ஒவ்வொரு ஜாதியிலயும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். எல்லாம் ஒரே ஜாதியா இருந்தா, ஒரு நோயில மொத்தமும் போயிடுமே."

"உன் ஆடுங்க?"

"ஒண்ணையும் உள்ள விடல. பசியில கத்தத்தான் செஞ்சுது. வேர் பிடிக்கட்டும்னு இருந்துட்டேன்."

நஜாத் வேலிக்குள் கையை விட்டு ஒரு தூரைத் தொட்டாள். முள் குத்தியதுகூட உறைக்கவில்லை.

காலையில் பதினாலு நாடும் அந்த மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நஜாத்தின் காதில் கிசுகிசுத்தார்.

"இது நம்ம நிலையத்தோட பாதுகாப்புத் திட்டம். அவளும் ஆமான்னு சொல்லணும். சொன்னா சீட்டு திரும்பக் கிடைக்கும்னு சொல்லு."

இங்கர் அம்மாள் பூதக்கண்ணாடியும் கையுமாக நிமிர்ந்தார். "இதையெல்லாம் காப்பாத்தினது யாரு? அந்தம்மா வாயாலேயே கேட்கணும்."

மொழிபெயர்க்க நஜாத்தான் இருந்தாள். நகரத்துக்காரரான டாக்டருக்கு மலைப்பேச்சு ஒரு வார்த்தை தெரியாது.

"யாமினா, எல்லாம் தன்னோட திட்டம்னு நீ சொன்னா இவரு சீட்டைத் திருப்பித் தருவாராம். அதை விடு. நடந்ததைச் சொல்லு. ஒரு எழுத்து மாத்தாம நான் சொல்றேன். என் வேலை போனா போகட்டும்."

யாமினா டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாம் இந்த ஐயா செஞ்சதுதான்னு சொல்லுக்கா. அவரு பேரைப் பெரிசா எழுதி இங்க ஒரு பலகையும் நடச் சொல்லு."

நஜாத்துக்குச் சுருக்கென்றது. "சீ! கேவலம் ஒரு சீட்டுக்காகவா?"

"சீட்டை அவரே வச்சுக்கட்டும். வெறும் புல்லா இருந்தா மறுபடியும் புல்டோசர் விடுவாருக்கா. தன் பேரு மேல விடமாட்டாரு."