அனுப்ப மாட்டோம்

"தாய் என்பவள் ஒரு வீட்டுக்குச் சொந்தமானவள் அல்ல, ஓர் ஊருக்கே சொந்தமானவள்!" என்று முழங்கினார் மைக் சார்.

முழங்கிய இடம் குளியலறை வாசல். உள்ளே அம்மாவுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்த மகள், "சார், கொஞ்சம் தள்ளி நின்னு சொந்தம் கொண்டாடுங்க. கதவைத் திறக்க முடியல" என்றாள்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மைக் இல்லாமலே மைக்கில் பேசுவதுபோலப் பேசுவதால் ஊர் வைத்த பெயர் அது.

போன வாரம் அம்மா இதே குளியலறையில் வழுக்கி விழுந்து, காலையில் பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை தரையிலேயே கிடந்தாள். கேள்விப்பட்டதும் மகள் டிரைவரோடு காரில் வந்துவிட்டாள், கையோடு அழைத்துப்போக. கார் வாசலில் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. அம்மாதான் ஏறவில்லை. ஏற விட்டால்தானே!

மகள் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். அங்கே சோபாவில் தையற்காரர், மருந்துக்கடைக்காரர், போட்டோக்காரர் மூவரும் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படிம்மா உனக்கு மனசு வருது?" தையற்காரர் கண் கலங்கினார். "என் கடை எரிஞ்சு போனப்போ, அம்மா வீட்டுல இருந்த தையல் மெஷினை அப்படியே தூக்கிக் குடுத்தாங்க. இன்னிக்கும் அதுலதான் தைக்கிறேன்."

"தெரியும். அது என்னோட மெஷின்."

"என் பையனுக்குக் காய்ச்சல் வந்தப்போ, ராத்திரி பூரா மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதுவும் தெரியும். அன்னிக்கு எனக்கும் காய்ச்சல்."

போட்டோக்காரர் வாயைத் திறந்தார். மகள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"இவ்வளவு பாசம் வெச்சிருக்கீங்களே, அவங்க விழுந்து கிடந்தப்போ ஒருத்தராவது எட்டிப் பார்த்தீங்களா?"

"அதுக்குத்தாம்மா வழுக்காத டைல்ஸ் சொல்லியிருக்கேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "பச்சைக் கலர். நாளைக்கு வந்துடும்."

"பச்சையா?" தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இந்த வீட்டுக்குப் பச்சை எடுபடாது. ஜன்னலுக்கெல்லாம் நான் வெள்ளை அடிச்சு வெச்சிருக்கேன், பார்க்கலையா?"

"இனிமே அந்த ஜன்னல்ல யாரும் கை வைக்காதீங்க! அந்த வெளிச்சம் அப்படியே வேணும்" என்று பதறினார் போட்டோக்காரர். பிறகு, "அம்மாவுக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

"பச்சையோ வெள்ளையோ, அம்மா இங்க இருக்கப் போறதில்ல!"

"அம்மையாரின் இறுதி மூச்சு இந்த இல்லத்தில்தான்!" என்றார் மைக் சார். "இது எங்கள் தீர்மானம்."

"மூச்சு அவங்களோடது சார்."

வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா. வர்றியா, இல்லையா?"

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எல்லாரும் இவ்வளவு ஆசையாச் சொல்றாங்க..." என்று இழுத்தாள்.

மகள் அவளைக் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லு. என்கூட வர இஷ்டமில்லையா?"

"இஷ்டமில்லாமலா நேத்தே பெட்டி கட்டி வெச்சேன்?"

"அப்புறம் என்ன?"

"நான் போயிட்டா அவங்க மனசு உடைஞ்சுடும்டி."

"உடைஞ்சா ஒட்ட வெச்சுக்கட்டும்!"

அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். "தையற்காரர் ஒரு நாள் கேட்டார், 'உங்களுக்கப்புறம் இந்த வீடு...'ன்னு. இல்லைன்னா முகம் வாடிடுமே! 'உனக்குத்தான்பா'ன்னுட்டேன்."

மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். "சரி, போகட்டும். ஒருத்தருக்குத்தானே?"

"மருந்துக்கடைக்காரரும் கேட்டார். அவர் முகம் மட்டும் வாடலாமா?"

"போட்டோக்காரர்?"

"அவன் பாவம், கேட்கவே இல்லை. நானாத்தான் சொன்னேன்."

"அம்மா... மைக் சார்?"

"அவர் இங்க நூலகம் வைக்கப்போறாராம், என் பேர்ல. நல்ல காரியம்தானே?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நாலு பேர்கிட்டயும் தனித்தனியா, வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதனால சண்டை சச்சரவு ஒண்ணுமில்ல."

கூடத்தில் டைல்ஸ் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. பச்சையும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம், அறிவுக்கு உகந்தது நீலமே என்று மைக் சார் தீர்ப்புச் சொல்வது கேட்டது.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னை என்னம்மா பண்றது?"

"எனக்கு 'இல்லை'ன்னு சொல்ல வாய் வராதுன்னு உனக்குத் தெரியாதா? நீதான் சொல்லணும். அதுக்குத்தான் உன் வண்டி எப்போ வரும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"பின்வாசல் வழியாப் போய்க் கார்ல உட்காரு. நான் சொல்லிட்டு வர்றேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள். "பதமாச் சொல்லுடி. யார் மனசும் நோகக் கூடாது."

மகள் கூடத்துக் கதவைத் திறந்தாள். நான்கு முகங்களும் பாசத்தோடு திரும்பின.

அது வாடகை வீடு. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு மாதா மாதம் வாடகை அனுப்புபவள் மகள்தான்.