அப்பீல்

"குடிச்சிட்டு வந்து காரை ஏத்தி, ஒரு மனுஷனை இடுப்புக்குக் கீழே விளங்காமப் பண்ணியிருக்கான். அவனுக்கு ஜெயில் கிடையாதாம். கண்காணிப்புல வெளியவே இருந்து திருந்துவானாம். நல்லா இருக்கும்மா உங்க கோர்ட்டு நியாயம்."

பிசியோதெரபிஸ்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டுக்கு இன்றுதான் முதல் தடவை வருகிறாள். ஆனால் அநியாயம் என்று பட்டுவிட்டால் அவளுக்கு வாய் நிற்காது.

கட்டிலில் கிடந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பையன் அப்பீல் போட்டிருக்கான். நாளைக்கு விசாரணை" என்றாள், சுரத்தே இல்லாமல்.

பெரியவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தவனிடம் பிசியோதெரபிஸ்ட் திரும்பினாள். முப்பது வயசு இருக்கும்.

"விடாதீங்க தம்பி. அவன் கம்பி எண்ணுற வரைக்கும் ஓயாதீங்க."

"சரிங்க மேடம்."

தலை நிமிராமல் சொல்லிவிட்டு, பெரியவரின் முதுகுக்குத் தலையணை வைத்தான். வாயைத் துடைத்துவிட்டான். சிறுநீர்ப் பையைக் கழற்றி எடுத்துப் போனான். ஒரு முகச்சுளிப்பு இல்லை.

"கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இதெல்லாம் செய்யுது?"

அந்த அம்மா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

வேலை முடிந்ததும் அவன் ஒரு நோட்டை நீட்டினான். வந்த நேரம், போகும் நேரம். அவன் முகத்தைப் பார்க்காமலே அந்த அம்மா கையெழுத்துப் போட்டாள். வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் கையில் போன நோட்டின் அட்டையில் 'நீதிமன்றக் கண்காணிப்பு அலுவலகம்' என்று முத்திரை.

பிசியோதெரபிஸ்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இவனா அவன்? இவனை மன்னிச்சு வீட்டுக்குள்ள வேற விட்டீங்களா?"

"யாரும்மா மன்னிச்சா? அவனைப் பார்த்தா இன்னமும் என் வயிறு எரியுது. தினமும் வந்து இவரைத் தூக்கணும்னு ஜட்ஜுகிட்ட நான்தான் கேட்டேன். அவன் உள்ள போயிட்டா இவரை யாரு தூக்குவா?"

"ஏன், உங்க பையன்?"

அதற்குள் போன் அடித்தது. அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அப்பா படுத்துக் கிடக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கொஞ்சம் பரிதாபமா இருக்கட்டும். நாளைக்குக் கோர்ட்ல காட்டணும்."

அவள் போனை வைத்தாள்.

"பையன் வெளிநாட்டுலயாம்மா இருக்காரு?"

"இல்லை டாக்டரம்மா" என்றாள் அவள். "ரெண்டு தெரு தள்ளித்தான்."