வெளிச்சம் இருக்கும்போதே

“ஆடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றாள் ஓவியம் வரைந்துகொண்டிருந்த மனைவி.

“மூக்கு அரிக்குதும்மா. சொறிஞ்சுக்கக் கூடாதா?”

“கூடாது.” அவளே வந்து தூரிகைக் காம்பால் கணவனின் மூக்கைச் சொறிந்துவிட்டுப் போனாள்.

காலையிலேயே முகம் மழித்து, தலையைப் படிய வாரி வந்து உட்கார்ந்தவன், சிரித்த முகம் மாறாமல் இருந்தான்.

“முடிஞ்சுது. வந்து பாருங்க.”

படத்தில் ஒரு வங்கித் தலைவர் கம்பீரமாக வீற்றிருந்தார். அவர் அனுப்பிய புகைப்படத்தில் மார்புவரைதான் இருந்தது. அதனால், மடியில் கோத்திருந்த கைகள் மட்டும் கணவனுடையவை. அவள் வரைந்த பெரிய மனிதர்கள் எல்லோருக்குமே அவன் கைகள்தான்.

“அச்சு அசலா என் கை,” என்றவன், திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“வெளிச்சம் இன்னும் இருக்கு. ஒரே ஒரு தடவை, இந்த மூஞ்சியையும் வரையேன்.”