தொண்ணூத்தி ரெண்டு

மூக்கிலிருந்த குழாயை அவளே கழற்றி நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

"குளிக்கறப்ப கழட்டறதில்லீங்களா? புடிங்க."

வாங்கினான்.

கட்டிலுக்கும் அவனுடைய மேஜைக்கும் நடுவில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அது அவளுக்கு மட்டுமே மூச்சு கொடுத்து வந்தது. இப்போது மூக்கில் செருகும் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயை மேஜைமேல் இருந்த கேஸ் பர்னரில் மாட்டினான். வெறும் கேஸில் மஞ்சளாகச் சோம்பிக் கிடந்த சுடர் நீலமாக நிமிர்ந்தது.

இந்தச் சூடு இல்லாமல்தான் இதுவரை செய்த வால்வுகள் எல்லாம் பாழாய்ப் போயின.

பழைய ரேடியோவுக்குள் எரியுமே, அந்த வால்வு. தேடினால் கடையில் கிடைக்காமல் இல்லை. தன் கையால் ஒன்று செய்து எரியவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு கிறுக்கு. கம்பிகளை உள்ளே கோத்து நிறுத்தி, கண்ணாடியை உருக்கி மூடி, அப்புறம் காற்றைத் துளி விடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். அவன் மூடியதெல்லாம் ஆறும்போது இணைப்பில் கீறல் விட்டது.

அவளுக்கு நுரையீரல் காய்ந்துகொண்டே வந்தது. பார்க்காத டாக்டர் இல்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். அன்றைக்குக் கிறுக்கு வெறியாகிவிட்டது. இந்த வீட்டில் ஏதாவது ஒன்று அவன் கையால் உருப்பட வேண்டும்.

அவன் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது.

விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப். எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அதுதான் பேச்சு. எண்ணை அவள் படித்துச் சொல்வாள். அவனால் திரும்ப முடியாது. இளகிய கண்ணாடியை ஒரு நொடி சுழற்றாமல் விட்டாலும் தொங்கிப்போகும்.

கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"தொண்ணூத்தி ரெண்டு."

நல்ல எண். கண்ணாடியின் விளிம்பு சிவந்தது.

"தொண்ணூத்தி ரெண்டு."

கண்ணாடிக் குமிழின் வாயும், கம்பிகளைத் தாங்கும் கண்ணாடித் தண்டின் விளிம்பும் நெருங்கின. மெழுகு மாதிரி இளகின. இந்த முறை அழகாக வருகிறது. அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிரித்து எத்தனை மாதமாயிற்று!

"தொண்ணூத்தி... ரெண்டு."

அவன் மில்லில் மீட்டர் பார்த்தவன். ஓடுகிற இயந்திரத்தில் முள் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆடாமல் நின்றால் அந்த மீட்டரை நம்பக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

பாதி ஒட்டிவிட்டது.

பாதி இருந்தது.

அவன் சுழற்றினான்.

ரொம்ப நேரம் கழித்துக் குரல் வந்தது.

"ரெண்டு."

சுழற்றினான். கடவுளே, கடவுளே என்று வாய் அரற்றியது. கை நிற்கவில்லை. விரலளவு இடைவெளி. நூலளவு.

மூடிக்கொண்டது.

சூடான சாம்பல் தட்டில் அதைப் பதனமாக வைத்தான்.

அப்புறம்தான் கேஸை அணைத்து, குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அவள் தலை தொங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கிளிப்பில் அறுபத்தெட்டு.

முனை குழாயில் ஏறமாட்டேன் என்றது. ஒருவழியாகப் பொருத்தி மூக்கில் செருகினான். முதுகைத் தேய்த்தான். கன்னத்தைத் தட்டினான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். எண் அசையவில்லை.

அறுபத்தொன்பது.

எழுபத்துமூன்று.

அவனுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. படுபாவி, படுபாவி என்று தன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் கண் திறக்க நேரமாயிற்று. முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். சாம்பலில் வால்வு முழுசாகக் கிடந்தது. கீறல் இல்லை.

"நான் பொய் சொல்றன்னு எப்பங்க தெரிஞ்சுது?"

"இப்பத்தான்" என்றான். "திரும்பிப் பார்த்தப்பத்தான்."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது அவள் கை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"நல்ல வேளைங்க. முன்னாலயே தெரிஞ்சிருந்தா, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்திருப்பீங்க."