கையெழுத்துப் போடாதவள்

அண்ணன் துணிப்பையோடு வகுப்புக்குள் நுழைந்தபோது தீபா போர்டில் 'கிராப்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

கவின்ராஜ் கோபிநத்தம் பக்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறான். கோயிலுக்குள் வருகிற மாதிரி செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பைக்குள்ளிருந்து பட்டுச் சேலையின் கரை எட்டிப் பார்த்தது. கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் குங்குமப் பொட்டலம்.

எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவர்கள் வீட்டு வழக்கத்தில் பெண்பிள்ளையின் பங்கை எடுக்கிற முறை அதுதான். அடிதடி கிடையாது. அண்ணன் சேலை கொண்டு வருவான். தங்கை கண் கலங்குவாள். அந்த ஈரம் காய்வதற்குள் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போய், 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டே போட்டால் இன்னும் விசேஷம். இரண்டு அத்தைகளும் அப்படிப் போட்டவர்கள்தான். சேலைகள் எப்போதோ நைந்துவிட்டன.

அப்பா ரத்தினசாமி செத்து வருஷம் திரும்பவில்லை. கிணற்றடிக் காட்டில் தன் பங்கு தனக்கு வேண்டும் என்று தீபா போனிலேயே சொல்லியிருந்தாள். அந்தக் காட்டில் அவளும் கல் பொறுக்கியிருக்கிறாள். பரீட்சைக்கு முந்தின நாள்கூட மஞ்சள் வெட்டியிருக்கிறாள். கையெழுத்து மட்டும் கேட்டு வராதே அண்ணா என்று சொன்னாள்.

இன்றைக்குச் சேலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

இருக்கட்டும். வகுப்பு முடியட்டும்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. பாங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். அன்றைய பாடம், அடுத்தவன் பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு இங்கிலீஷில் இருக்கிற வினைச்சொற்கள். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதுவே அவளுக்கு ஒரு தெம்பு. ஒவ்வொரு சொல்லையும் கடைசி பெஞ்சைப் பார்த்தே சொன்னாள்.

கிராப் என்றால் வெடுக்கென்று பிடுங்குவது.

"கொள்ளேகால் பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீப் போடுறோமே, அது மிஸ்" என்றான் சந்துரு.

சீஸ் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லார் தெருவிலும் ஃபைனான்ஸ்காரன் ஒரு பைக்கையாவது சீஸ் பண்ணியிருந்தான். கமாண்டியர், அதிகாரத்தைக் காட்டி எடுத்துக்கொள்வது. அதற்கு எலெக்ஷன் டூட்டி என்று வேனை ஓட்டிக்கொண்டு போகிற அதிகாரி கிடைத்தார்.

என்க்ரோச் வந்தபோது அவள் குரல் தானாக ஏறியது. ஒவ்வொரு உழவுக்கும் வரப்பில் ஒரு சால் தின்பது என்று கையால் உழுது காட்டினாள். கவின்ராஜ் பக்கத்துப் பையனிடம் குனிந்து, டீச்சர் தன் தங்கை என்று கன்னடத்தில் சொன்னான். முகமெல்லாம் பெருமை.

யுஸர்ப், உரிமை இல்லாதவன் அரியணை ஏறுவது. மைசூரில் இதற்கு உதாரணம் கேட்டால் மகாராஜாவா சுல்தானா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும். கேட்காமலே தாண்டிப் போனாள்.

அப்போதுதான் முன் பெஞ்சு சௌம்யா கையைத் தூக்கினாள்.

"மிஸ், சேலை குடுத்து எடுத்துக்கிட்டா? எங்கம்மாகிட்ட மாமா அப்படித்தான் எடுத்துக்கிட்டாரு. அதுக்கு எந்த வெர்ப்?"

அறையே சிரித்தது. சௌம்யா சிரிக்கவில்லை.

தீபா சாக்பீஸைக் கீழே வைத்தாள். அண்ணனுக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீஷை விட்டுவிட்டுக் கன்னடத்திலேயே சொன்னாள்.

"உங்கம்மா கையெழுத்துப் போட்டாங்க, அதனால போச்சு. போடாதவகிட்டேருந்து எவனாலயும் எடுக்க முடியாது."

சொன்னதும் நெஞ்சு லேசானது. அந்த வீட்டின் முதல் டிகிரி அவளுடையது. பி.ஏ. இங்கிலீஷ். அதற்கு இன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம் என்று தோன்றியது.

பிள்ளைகள் படியிறங்கிப் போனார்கள். கவின்ராஜ் எழுந்து வந்து சேலையை மேசையில் வைத்தான். பழத்தை வைத்தான். குங்குமப் பொட்டலத்தை நிதானமாகப் பிரித்தான்.

"கொள்ளேகால் பட்டு, அம்மிணி. உன்ற அண்ணி மீனாதான் பாத்து எடுத்தா."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணா. அம்மா அழுதாலும் சரி."

அவன் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"கையெழுத்த ஆரு கேட்டா? அதெல்லாம் போன மாசமே ஆயிப்போச்சு கண்ணு. நீ லீவு போட்டுட்டு அலையோணுமேன்னு, மீனாவையே நீதான்னு சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுல நிக்க வெச்சோம். புரோக்கர் எல்லாத்தையும் பேசி வெச்சிருந்தான். பொறந்தவளுக்குச் சேலை குடுக்காம அந்தக் காட்டுல ஏர் பூட்டக் கூடாதுன்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்குது. அதுக்குத்தான் வந்தேன். வாங்கிக்க."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணிக்கு என் கையெழுத்து வராதே."

அவள் கையெழுத்து இங்கிலீஷில் இருக்கும். கல்லூரியில் முதல் வருஷம் பூராவும் போட்டுப் போட்டுப் பழகியது.

"வராதுதான்" என்றான் கவின்ராஜ், தட்டில்லாததால் குங்குமத்தை உள்ளங்கையிலேயே ஏந்திக்கொண்டு. "அதான், தீபாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிக் கைநாட்டு வெச்சுட்டோம்."