பாட்டு நின்ற காலை

அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சமையலறையிலிருந்துதான். தவமணிதான். அவன் பெண்டாட்டி.

மாரியம்மன் பொங்கலுக்குக் கும்மி கொட்டும்போது பாடுகிற பாட்டு. இந்தக் குரலைக் கேட்டுத்தான் அந்தக் காலத்தில் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். இன்றைக்கு அதே குரலைக் கேட்டுப் பயந்து நிற்கிறான். என்ன பிழைப்பு இது!

போன முறையும் பாட்டில்தான் ஆரம்பித்தது.

முதலில் பாட்டு. பிறகு தூக்கம் போயிற்று. பிறகு தெருவுக்கே சேலை எடுத்துக் கொடுத்தாள். காய்கறி விற்க வந்தவள் "நல்லா இருக்குதுங்க்கா" என்று வாய் தவறிச் சொன்ன பாவத்துக்கு, கையிலிருந்த தங்க வளையல்களைக் கழற்றி அவள் கூடையில் போட்டாள். அந்த மகராசி மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள், அது வேறு விஷயம்.

அதற்கப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், இருக்கவே வேண்டாம் என்றாள்.

பைபோலார், மனசு ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக இறங்குகிற நோய் என்றார் கோயமுத்தூர் டாக்டரம்மா. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, நேரத்துக்குத் தூக்கம், தினமும் நடை. கூடவே புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளச் சொன்னார். நாற்பது வயதிலும் மூளை மாறுமாம். நடக்க நடக்கக் காட்டில் விழுகிற மாதிரி அதற்குள்ளும் புதுத் தடம் விழுமாம்.

"பழையபடி ஆயிருவாளுங்களா?" என்று கேட்டான்.

"பழையபடி எதுக்குங்க? புதுசா நல்லா இருக்கட்டும்," என்றார் அந்த அம்மா.

நன்றாகத்தான் இருந்தாள். மாத்திரையால் கை மட்டும் லேசாக நடுங்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். மலையாள எழுத்துக் கற்றுக்கொண்டு, பொள்ளாச்சி ஸ்டாண்டில் நிற்கிற பாலக்காட்டு பஸ்களின் போர்டை எழுத்துக் கூட்டி அவனுக்கு வாசித்துக் காட்டினாள். சிரித்தாள். சண்டை போட்டாள். தூங்கினாள்.

பாடத்தான் இல்லை.

அவனும் பாடச் சொல்லிக் கேட்கவில்லை.

இப்போது பாடுகிறாள்.

நுரையோடு ஓடிப்போய் மாத்திரை அட்டையைப் பார்த்தான். ராத்திரி மாத்திரை போட்டிருந்தாள். குறட்டை விட்டுத் தூங்கியதை அவனே கேட்டான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. புத்திக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவேண்டாமா? அது தன்னால் போய் பீரோவைத் திறந்தது. வளையல்களை எடுத்தது. நடையிலிருந்த அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை விட்டு அவற்றைப் புதைத்தது.

இந்த வீட்டில் மாத்திரை சாப்பிடாத மூளை அவனுடையதுதான். அது இன்னும் பழைய தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஒளித்து வைக்க இடம் பார்த்தான் பாருங்கள்! உலை வைக்க அரிசி அள்ள அவள் வராமல் வேறு யார் வருவார்கள்?

கண்ணாடிக்குத் திரும்பி பிளேடைக் கையில் எடுத்தபோது டிரம் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அரிசி அள்ளும் டம்ளரில் ஏதோ ணங்கென்று பட்டது.

பாட்டு நின்றது.

அவ்வளவுதான். வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது.

அடப் பாவி, நோய்க்கப்புறம் இன்றைக்குத்தான் பாடினாள், அதையும் நிறுத்திவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டான். இனி இந்த ஜென்மத்தில் அவள் அந்தப் பாட்டை எடுக்கமாட்டாள் என்று தோன்றியது. முதலில் வந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருந்தது.

வந்தாள். உள்ளங்கையில் வளையல்கள். மேலெல்லாம் அரிசித் தவிடு. கை நடுங்கியதில் அவை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

கோபமாக வருவாள் என்று நினைத்திருந்தான். முகத்தில் கோபம் இல்லை.

"ஏனுங்க, நான் பாடுனா உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?"

ஊரில் திருட்டுப் பயம், அதனால் ஒளித்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"இருக்குது புள்ள."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வளையல்களை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் முகத்து நுரை காய்ந்து இழுத்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"எனக்குந்தானுங்க," என்றாள். "இது நானா, இல்ல அந்த நோவான்னு பாத்துட்டேதான் பாடறேன்."

அட! இத்தனை நாளும் இரண்டு பேரும் ஒரே கதவுக்கு ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாடு, தவமணி."

"எந்த எடத்துல உட்டேன்னு மறந்துபோச்சுங்க."

"மொதல்ல இருந்து பாடு."

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

தொடங்கினாள்.

குரல் ஏறுகிறதா, வேகம் கூடுகிறதா, கண் பளபளக்கிறதா என்று பார்க்க அவன் தலை தன்னால் அவள் பக்கம் திரும்பியது. திரும்பிய தலையைப் பாதியிலேயே நிறுத்தினான்.

கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டான்.